முத்திரை ஆய்வாளரின் நீலக் கல்

சென்னியப்பன் முப்பத்திரண்டு வருடம் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். சந்தை சந்தையாகப் போய், தராசையும் படிக்கல்லையும் சோதித்துக் குற்றம் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கற்களின் மேல் ஆசை வந்தது. காங்கேயத்தில் ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் கோகிலவாணியிடம் போய், கல் பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு வயது அறுபத்தொன்று. கோகிலவாணிக்கு நாற்பத்து நான்கு.

"எனக்குப் பொறுமை கிடையாதுங்கய்யா," என்றார் கோகிலவாணி.

"எனக்கு நிறைய இருக்குதுங்க அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

இரண்டு பேர் சொன்னதில் ஒன்றுதான் உண்மை.

மூன்று வருடம் போயிற்று. சென்னியப்பனுக்கு லென்ஸ் பிடிக்க வந்தது. கல்லின் பெயர்கள் மனப்பாடமாயின. கோகிலவாணி எங்கே கடை போட்டாலும் கூடவே போனார்.

அந்த வருடம் கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் ரத்தினக் கல் கண்காட்சி. வருடம் முழுவதும் வாங்கிச் சேர்த்ததில் பெரும்பகுதியைக் கோகிலவாணி விற்பது அந்த மூன்று நாளில்தான். கடை போடும் நாள் அது; மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் அறுபது மேசையும் தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு.

மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தெர்மாகோல் எழுத்தில் இன்னும் நின்றன. அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கப் பிடுங்க ஜிகினாத் தூள் பறந்து வந்து எல்லோருடைய கல்லின் மேலும் விழுந்தது.

கோகிலவாணிக்கு வாசலுக்கு நேராக மூன்றாம் மேசை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் பதினேழாம் மேசை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். மேசை ஒரு காலில் ஆடியது. விரிக்கிற துணி ஒரு முழம் குறைந்தது. மூன்று மேசைக்குச் சேர்த்து ஒரே ப்ளக் பாயிண்ட்.

"நான் போய்க் கேட்கட்டுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"நான் கேட்டாச்சுங்க. மூணாம் மேசையில கண்காட்சிச் செயலாளரோட மச்சினன் உட்கார்ந்திருக்காரு. நீங்க காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வைங்க."

அவர் அட்டையை மடித்து வைத்தார். மேசை இப்போது மறுபக்கம் ஆடியது.

பக்கத்து மேசை ஓசூர் முனியப்பாவுடையது. முப்பது வருடமாகக் கல் விற்கிறவர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். அப்பளம் போல் வட்டமாக அறுத்த அகேட் கற்களை அவர் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். பாதி அடர்ந்த ரோஸ் நிறம், பாதி மை நீலம். எல்லாவற்றுக்கும் முன்னால் 'அகேட்' என்று ஒரே ஓர் அட்டை.

சென்னியப்பன் துணியின் நுனியைக் கோகிலவாணியின் கையில் விட்டுவிட்டு அங்கே போனார்.

"இந்த நிறத்துல கல்லு எந்த ஊர்ல கிடைக்குதுங்க?"

"எந்த ஊர்லயும் கிடைக்காது சார்," என்றார் முனியப்பா. "சாம்பல் நிறமாத்தான் வரும். அப்புறம் சாயம் ஏத்தறது."

"அதைச் சீட்டுல எழுதலையே."

"எழுதணும் சார். பேனாவை எங்கயோ வெச்சுட்டேன்."

அவர் ஒத்துக்கொண்டது சென்னியப்பனுக்குப் போதவில்லை. தன் பெட்டியிலிருந்து பஞ்சையும் சாயம் கரைக்கும் அசிட்டோன் புட்டியையும் எடுத்து வந்தார். ஒரு ரோஸ் கல்லை நன்றாகத் தேய்த்தார். பஞ்சு சிவந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு செயலாளரைத் தேடிப் போனார்.

செயலாளர் இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்திருந்தார்.

"பஞ்சைப் பாருங்க," என்றார் சென்னியப்பன்.

"பார்த்தேன் சார். ரோஸா இருக்கு. ஜெனரேட்டர் வண்டி பாலத்துல நிக்குது. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"நடவடிக்கை எடுங்க."

"எது மேல? பாலத்து மேலயா?"

சென்னியப்பன் தானே மண்டபத்தைச் சுற்றி வந்தார். இருபத்து மூன்றாம் மேசையில் அம்பர் என்று வைத்திருந்தது பிளாஸ்டிக். முப்பத்தொன்றில் டர்க்காய்ஸ் என்று வைத்திருந்தது பொடியைப் பசை போட்டு இறுக்கியது. இரண்டையும் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். மணி இரண்டரை ஆகிவிட்டது.

பதினேழாம் மேசையில் கோகிலவாணி தனியாகப் பெட்டிகளைத் தூக்கி வைத்தார். விளக்கைக் கட்ட ஏணி கேட்டு வாங்கினார். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் முனியப்பாவைக் கூப்பிட்டார். முனியப்பா தன் வேலையை விட்டு வந்து பிடித்தார்.

மூன்று மணிக்குச் செயலாளரே வந்தார். முகமெல்லாம் ஜிகினா.

"மேடம், உங்க ஆளு பஞ்சைத் தூக்கிட்டுச் சுத்தறாரு. நாலு பேரு கடையே போட மாட்டேங்கறாங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா உங்க மேசையை நான் மடிச்சு வெச்சுருவேன். தப்பா நினைக்காதீங்க."

"தப்பா நினைக்கலைங்க," என்றார் கோகிலவாணி.

அவர் போனதும் சென்னியப்பன் வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. முகத்தில் திருப்தி.

"அம்மிணி, முப்பத்தெட்டாம் மேசையில ஒண்ணு சந்தேகமா இருக்குதுங்க."

கோகிலவாணி கையிலிருந்த கல் தட்டை டக்கென்று வைத்தார்.

"நீங்க கல்லுப் படிக்க வந்தீங்களா, ஆளுப் படிக்க வந்தீங்களா?"

"பொய்க் கல்லை விக்கறாங்க. பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கச் சொல்லலை. காலையில இருந்து துணியைப் பிடிங்க, ஏணியைப் பிடிங்கன்னு சொல்லிட்டிருக்கேன். மேசையையே மடிக்கறேங்கறாங்க. மடிச்சுட்டா நான் இந்த வருஷம் என்ன பண்றது?"

"மடிக்கட்டும். நம்ம மேசையில ஒரு பொய்க் கல்லு இருக்குதா? அந்தத் தைரியத்துலதானுங்க பேசறேன்."

கோகிலவாணி அவரைப் பார்த்தார். பிறகு தட்டுகளைப் பார்த்தார்.

"இருக்குதான்னு பாருங்க," என்றார்.

"நம்முதையா?"

"நம்முதைத்தான். நீங்க பொறுக்கிக் கொண்டாந்து வெச்ச தட்டு அது. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாருங்க. அஞ்சு மணிக்குள்ள முடியட்டும்."

சென்னியப்பனுக்கு அது அவமானமாக இருந்தது. நாற்காலியைச் சத்தம் வர இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேண்டா வெறுப்பாகத் தட்டை இழுத்தார்.

அந்தத் தட்டின் நடுவில் வெளிர் நீலத்தில் ஒரு கல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளகோவில் சந்தையில் ஒருவரிடம் அவர் தன்னந்தனியாகப் பார்த்து வாங்கியது. மழை பெய்த மறுநாள் காட்டில் கிடைத்ததென்று அந்த ஆள் சொன்னான். இரண்டு துண்டு இருந்தது. இரண்டையும் வாங்கிப் பட்டை தீட்டக் கொடுத்தார். அச்சடித்தது போன்ற தன் எழுத்தில் 'அக்வாமரின், காங்கேயம் வட்டாரம்' என்று சீட்டு எழுதினார். கல்லுக்குள்ளே லென்ஸில் பார்த்தால் உருண்டையாக ஒரு துளி தெரியும். கோடி வருடத்துக்கு முன் பெய்த மழையின் ஒரு சொட்டு உள்ளே சிக்கிக்கொண்டது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார். போன வருடம் அந்தக் கதையைக் கேட்க வேறு மேசைகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

முதலில் மற்றக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நீலக் கல்லை விட்டுவிடலாம் என்று நினைத்தார். எதிரில் கோகிலவாணி நின்றிருந்ததால் அதையும் எடுத்தார்.

கல் சோதிக்க அவர்களிடம் இரண்டு கறுப்புத் தகடுகள் பொருத்திய ஒரு சின்னக் கருவி இருந்தது. கீழே விளக்கு. நடுவில் கல்லை வைத்து ஒரு சுற்றுத் திருப்பினால் அக்வாமரின் நான்கு முறை மினுங்கி நான்கு முறை அணையும். கண்ணாடி எவ்வளவு திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். மற்றவர்கள் கல்லை அவர் அன்று காலையிலிருந்து அதில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நீலக் கல்லை வைத்துத் திருப்பினார். இருட்டாக இருந்தது.

கல்லைப் பக்கவாட்டில் வைத்துத் திருப்பினார். கவிழ்த்து வைத்துத் திருப்பினார். விளக்கின் பேட்டரியை மாற்றினார். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

லென்ஸை எடுத்து அந்தத் துளியைப் பார்த்தார். அது முழு உருண்டையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இன்னும் இரண்டு உருண்டைகள். உலையில் உருகிய கண்ணாடிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். கோகிலவாணி முதல் மாதமே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

சென்னியப்பன் தலையைத் தூக்கி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். கோகிலவாணி முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கைத் திருகிக்கொண்டிருந்தார். நீலக் கல் அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று. சீட்டை நான்காகக் கிழித்து அதையும் பைக்குள் போட்டுக்கொண்டார். தட்டின் நடுவில் இருந்த இடைவெளி தெரியாமல் இருக்க மற்றக் கற்களை நகர்த்தி வைத்தார்.

அப்போது முனியப்பா ஒரு கட்டு அட்டையோடு வந்தார்.

"சார், பேனா கிடைச்சுருச்சு. ஆனா என் எழுத்தை எனக்கே படிக்க வராது. உங்க எழுத்து அழகா இருக்கு. ஒவ்வொரு கல்லுக்கும் 'சாயம் ஏற்றியது'ன்னு எழுதிக் குடுத்துடறீங்களா? நாப்பது வேணும்."

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி எதுவும் இல்லை. கேலி இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தார். சாயம் ஏற்றியது. சாயம் ஏற்றியது. முனியப்பா ஒவ்வொன்றாக வாங்கிப் போய்க் கல்லின் முன்னால் நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் தூரமாகப் போய் நின்று பார்த்தார். "இப்பத்தான் சார் கடை மாதிரி இருக்கு," என்றார்.

இருபத்தாறாவது அட்டையில் சென்னியப்பனின் கை நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து கோகிலவாணியிடம் போனார். பையிலிருந்து நீலக் கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கிழிந்த சீட்டும் கூடவே வந்தது.

"இது கண்ணாடிங்க அம்மிணி."

"ஆமாங்க."

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"போன மாசம்தான் கையில எடுத்துப் பார்த்தேன். தெரிஞ்சுது."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"மூணு தடவை சொன்னேன். தகட்டுல வெச்சுப் பாருங்கன்னு. 'எனக்குத் தெரியாதுங்களா'ன்னீங்க. மறுபடி சொன்னேன். மழைத்துளி கதையை எனக்கே சொன்னீங்க." கோகிலவாணி நிறுத்தி மூச்சு விட்டார். "இன்னைக்கும் நீங்க பார்க்கலைன்னா, நாளைக்குக் கதவு திறக்கறதுக்குள்ள நானே எடுத்திருப்பேன். எடுத்துட்டு உங்ககூட ஒரு வருஷம் சண்டை போட்டிருப்பேன்."

சென்னியப்பன் உட்கார்ந்தார். "இன்னொண்ணு இருக்குதுங்களே," என்றார்.

"எது?"

"ரெண்டு துண்டு வாங்கினேனுங்க. ஒண்ணை மாப்பிள்ளைக்கு மோதிரமாப் போட்டிருக்கறேன். எம் பொண்ணு கல்யாணத்துல, சபையில வெச்சு."

கோகிலவாணிக்கு அது தெரியாது. கையில் எடுத்திருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

சென்னியப்பன் போனை எடுத்தார். இரண்டு தடவை பெயரைத் தேடினார். மூன்றாவது தடவை அழைத்தார்.

"மாப்பிள்ளைங்களா? நான்தானுங்க. அந்த மோதிரத்துல இருக்கற கல்லு... அது கல்லு இல்லைங்க. கண்ணாடி. நான் சரியாப் பார்க்கலைங்க."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். சென்னியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காது சிவந்தது.

"அப்பவே தெரியுங்களா?" என்றார். பிறகு, "ஏனுங்க சொல்லலை?" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கேள்வியை அவர் கேட்பது இரண்டாவது தடவை.

போனை வைத்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்றார் கோகிலவாணி.

"மோதிரம் கட்டின ஆசாரி அன்னைக்கே சொல்லிட்டாராமுங்க. மாப்பிள்ளை நாலஞ்சு தடவை எங்கிட்டச் சொல்ல வந்தாராம். நான் வர்றவங்க போறவங்க எல்லாத்தையும் கூப்பிட்டு, அவரு விரலைப் பிடிச்சு மழைத்துளியைக் காட்டிட்டே இருந்தேனாம். சொல்ல மனசு வரலையாம். இப்பவும் போட்டுட்டுத்தான் இருக்கறாராம்."

கை கழுவும் குழாயில் யாரோ தட்டுக் கழுவினார்கள். தண்ணீர் தெறித்து மேசைத் துணி நனைந்தது. இருவரும் அதை நகர்த்தவில்லை.

"முப்பத்திரண்டு வருஷமுங்க," என்றார் சென்னியப்பன். "எத்தனை பேரோட தராசைப் பிடிச்சிருக்கறேன். கடைக்குள்ள காலை வெச்சதுமே எது கள்ளத் தராசுன்னு சொல்லிருவேன். ஒரு கல்லு, அதைக் கையில வெச்சுட்டே இத்தனை நாளும் எனக்குத் தெரியலை. நீங்க இருபது வருஷமா இதுல இருக்கறீங்க. பார்த்ததும் நிஜமா பொய்யான்னு தெரியறதுக்கு உங்களுக்கு எத்தனை வருஷமுங்க ஆச்சு?"

கோகிலவாணி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, நான்காக மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு மரகதம் இருந்தது. அந்த வருடம் அவர் வாங்கியதிலேயே பெரிய கல். மேசையின் நடுவில் தனி விளக்குப் போட்டு வைப்பதற்காகக் கொண்டு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு முனியப்பாவிடம் போனார். சென்னியப்பனும் பின்னால் போனார்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

முனியப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் தேய்த்து மறுபடி போட்டுக்கொண்டார். தன் லென்ஸை எடுத்தார். விளக்கடியில் கல்லைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். அவர் வாய் ஓய்ந்து அன்று முழுவதும் யாரும் பார்க்கவில்லை. இப்போது ஐந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோகிலவாணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்திருந்ததைச் சென்னியப்பன் பார்த்தார்.

"கல்லு நிஜம்மா," என்றார் முனியப்பா. "நல்ல கல்லு. ஆனா இந்த ஓரத்துல ஒரு விரிசல் இருக்கு. எண்ணெய் விட்டு மறைச்சிருக்கான். சூடான விளக்குல வெச்சா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வெளிய தெரிஞ்சிரும். பார்க்கலையா நீங்க?"

"நாலு தடவை பார்த்தேங்ணா."

"தெரியலையா?"

"தெரியலைங்க."

முனியப்பா கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "ஆசையா வாங்கியிருப்பீங்க," என்றார். அத்தோடு தன் அட்டைகளை அடுக்கப் போய்விட்டார்.

கோகிலவாணி தன் மேசைக்குத் திரும்பினார். நடுவில் கட்டியிருந்த தனி விளக்கை அவிழ்த்துக் கீழே வைத்தார். ஒரு வெள்ளை அட்டையை எடுத்துச் சென்னியப்பன் முன்னால் தள்ளினார்.

"எழுதுங்க. மரகதம். எண்ணெய் விட்டது."

சென்னியப்பன் எழுதினார். எழுத்துக் கொஞ்சம் கோணியது. கோகிலவாணி அதை அப்படியே எடுத்துக் கல்லின் முன்னால் வைத்தார்.

செயலாளர் மேடையேறி, இன்னும் பதினைந்து நிமிடம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். பாதி மேசைகளில் இன்னும் துணிகூட விரிக்கவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலைங்களே," என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணிக்குப் பொறுமை போய்விட்டது. கையில் இருந்ததையெல்லாம் மேசையில் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அடுத்தவங்க கல்லுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுங்கய்யா. என் கல்லுக்குத்தான் இன்னும் முனியப்பா அண்ணாகிட்டப் போயிட்டிருக்கேன்."